நம்ம மணிக்கு ஏழு

நான் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. போன் மட்டும் இன்னும் நிற்கவில்லை. நேற்றுகூட துணி துவைத்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் கூப்பிட்டார். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. எடுத்ததும், "யம்மா, மெட்ராஸ்லேர்ந்து கனடா எத்தினி மணி நேரம்?" என்றார். கனடாவில் எந்த ஊர் என்று கேட்டேன். "கனடாதாம்மா" என்றார். கனடா என்பது செஞ்சி பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரே இடம் என்று நினைப்பு. நான் இப்போது அந்த வேலையில் இல்லை என்றேன். வேலையில் இல்லாவிட்டால் என்ன, மணி நேரம்கூடவா மறந்துவிடும் என்று கோபித்துக்கொண்டு அவரே வைத்துவிட்டார்.

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் பத்தொன்பது வயதில் உட்கார்ந்த நாற்காலியைவிட்டு ஒன்பது வருஷம் கழித்து எழுந்துவிட்டேன். இனி அதில் உட்கார மாட்டேன். அதற்கு வேறு என்ன பெயர் சொல்வது?

இப்போது அந்த நாற்காலியில் ஷபானா என்கிற பெண் இருக்கிறாள். வாரத்துக்கு நாலு முறை எனக்குப் போன் செய்கிறாள். "அக்கா, எத்தினி மணி நேரம்னு கேக்கறாங்க, இன்னா சொல்றது?" ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு தொந்தரவு செய்ய மாட்டாளாம். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும்.

கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. விமான டிக்கெட் போடுவோம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவோம். முதல் இரண்டு வருஷம் நான் ஜெராக்ஸ் எடுத்தேன், போட்டோ ஒட்டினேன், திட்டு வாங்கினேன். மூன்றாவது வருஷம் டிக்கெட் போட விட்டார்கள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

டிக்கெட் போடுவது ஒரு வேலையே இல்லை. அதைப் படித்துச் சொல்வதுதான் வேலை. டிக்கெட்டில் கிளம்புகிற நேரம் கிளம்புகிற ஊரின் மணி. இறங்குகிற நேரம் இறங்குகிற ஊரின் மணி. இதை ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. எத்தனை பேருக்குப் புரிந்தது என்று மட்டும் தெரியும். விரல் விட்டு எண்ணலாம்.

ஒருத்தர் துபாய்க்குக் கொத்தனார் வேலைக்குப் போனார். மெட்ராஸில் மூன்றே முக்காலுக்கு ஏறி அங்கே ஆறு இருபதுக்கு இறங்குகிற டிக்கெட். அவரே கழித்துப் பார்த்துவிட்டு, இரண்டரை மணி நேரம்தான், செஞ்சியிலிருந்து மெட்ராஸ் போவதைவிட சீக்கிரம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். திரும்பி வருகிற டிக்கெட்டில் எட்டரைக்கு ஏறி மதியம் இரண்டு மணிக்கு இறக்கம். அதைக் கழித்தால் ஐந்தரை மணி நேரம் வந்தது. கடைக்கு வந்து சண்டை போட்டார். வரும்போது மட்டும் ஏன் மெதுவாக ஓட்டுகிறார்கள், தன்னைப் பழைய பிளேனில் போட்டுவிட்டோமா என்று கேட்டார். இரண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான், அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் என்று கையில் கடிகாரத்தை வைத்துத் திருகிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். வெளியே ஜூஸ் கடையில் நின்று அவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்லப்பா. போவும்போது எறக்கம், வரும்போது ஏத்தம். மலமேல ஏறி எறங்கற கணக்குதான்."

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறி இறங்குகிற ஊர்க்காரர்கள். அந்தக் கணக்குதான் வரும்.

இந்தத் தலைவலிக்காகத்தான் எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். டிக்கெட் காகிதத்தின் பின்பக்கத்தில், பால்பாயின்ட் பேனாவில், வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேருகிற அறை வாசல் வரைக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். எல்லாம் இந்திய நேரத்தில். அதற்கு எங்கள் கடையில் 'நம்ம மணி' என்று பெயர். அந்த எழுத்துக்கு 'படி' என்று பெயர். "படி எழுதினியா?" என்று கேட்காமல் ஒரு டிக்கெட்டையும் பாய் கடையைவிட்டு வெளியே அனுப்ப மாட்டார்.

அந்தக் கொத்தனாருக்கு எழுதிய படி இப்படி இருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்புவது காலை ஒன்பது. செஞ்சியில் பஸ் ஏறுவது ஒன்பதரை. திண்டிவனம் பத்தரை. விமான நிலைய வாசல் பன்னிரண்டே முக்கால். விமானம் கிளம்புவது மூன்றே முக்கால். துபாயில் இறங்குவது ஏழு ஐம்பது. வரிசையில் நின்று பெட்டி எடுத்து வெளியே வருவது ஒன்பதே கால். அறை பத்தரை. எல்லாம் நம்ம மணி. மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருப்பது நாலு மணி நேரம்தான். மற்றதெல்லாம் பஸ், வரிசை, காத்திருப்பு.

பாய் கத்த மாட்டார். தப்பு என்றும் சொல்ல மாட்டார். படியைப் படித்துவிட்டு ஒரு விரலால் என் பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான். எது தப்பு என்று நானே தேட வேண்டும். திண்டிவனத்தில் பஸ் மாற அரைமணி விட்டிருக்க மாட்டேன். வரிசைக்குப் பதில் வெறும் இறங்கும் நேரத்தைப் போட்டிருப்பேன். கண்டுபிடிக்கிறவரைக்கும் அவர் தினத்தந்தியோ எதையோ படித்துக்கொண்டிருப்பார். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பஸ் போய்விடும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரே ஒரு தடவை கூட்டமாக இருந்த நாளில் படி எழுதாமல் கொடுத்துவிட்டேன். சீயமங்கலத்துப் பெண் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் ஊருக்கு வருகிறார். திங்கட்கிழமை கிளம்புகிற டிக்கெட். இறங்குவது 09:40, பக்கத்தில் +1 என்று போட்டிருக்கும். மறுநாள் என்று அர்த்தம். அவள் அதை ஒரு மணி கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். வேன் வைத்து, மாமியார் நாத்தனார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமையே மெட்ராஸ் போய்ப் பத்து நாற்பதுக்கு வாசலில் நின்றிருக்கிறார்கள். ஆள் வரவில்லை. போன் போட்டால் அவர், நான் இன்னும் ரூமிலேயே இருக்கிறேன் என்றாராம். மனசு மாறிவிட்டார், அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். புதன்கிழமை கடைக்கு வந்து டிக்கெட்டை மேசையில் அடித்தாள்.

"ஒண்ணு கூட்டிக்கன்னுதான போட்டுக்குது? நாள் கூட்டறதா, மணி கூட்டறதான்னு நான் இன்னாத்த கண்டேன்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கும் பாய் ஒரு வெற்றுக் காகிதத்தை விரலால் தள்ளினார்.

இப்போது படி எழுதினால் யார் படிக்கிறார்கள்? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இரண்டு ஊர் பெயரைப் போட்டால் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று காட்டுகிறது. உலக உருண்டையின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் நீளத்தை வேகத்தால் வகுத்துப் போடுகிற கணக்கு அது. அந்தக் கோட்டின் மேல் ஒரு பிளேனும் ஓடாமல் இருக்கலாம். அது போனுக்குத் தெரியாது. இதை நான் சொன்னால், போன் பொய் சொல்லுமா என்கிறார்கள். போன் பொய் சொல்லவில்லை. கேள்வியை மாற்றிப் பதில் சொல்கிறது.

ஷபானாவுக்கு வேண்டியது இதுவரைதான். இனிமேல் எழுதுவது அவள் கேட்டதில்லை. ஆனாலும் இதுவும் மணி நேரக் கணக்குதான்.

என் அண்ணன் சேகர் தென்னாப்பிரிக்காவில் வெல்டர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போக வேண்டிய ஊர். மூன்று வருஷமாக வரவில்லை. போனிலிருந்து தூரம் பார்த்து, ஏழாயிரத்து நூறு கிலோமீட்டர் என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நம்பவில்லை. "பக்கத்துத் தெருவுலேர்ந்து பேசற மாரி கேக்குது. ஏழாயிரம்ன்ற" என்றார். என் வேலையில் அவருக்கு அவ்வளவுதான் மரியாதை.

எங்கள் ஊர் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், வல்லத்துக்குப் பக்கம். ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நைனா மோட்டார் போட்டுவிட்டு வந்து, டீயைக் கையில் வாங்கினவர் அப்படியே சாய்ந்தார். ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. டம்ளர்கூட உடையவில்லை. எவர்சில்வர்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். சேகர் வருகிறவரைக்கும் எடுக்கக் கூடாது, அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். சித்தப்பாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். நைனாவுக்கு நேர் தம்பி. ஃப்ரீசர் பாக்ஸ் வந்து, உறவுக்காரர்கள் வந்து, வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. சித்தப்பா மகன் போனைத் தட்டிப் பார்த்து ஒன்பது மணி நேரம் என்று சொல்லிவிட்டான். அங்கே ஆரம்பித்தது.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "காலைல ஆறு மணிக்கு சேதி சொல்லியாச்சு. ஒம்பது மணி நேரம்னா சாயந்திரமே வந்துடலாமே, இன்னா பண்றான் அவன்?"

அப்படி ஒரு பிளேனே கிடையாது என்றேன். துபாய் வந்து மாறி ஏற வேண்டும் என்றேன். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது, ஆபீஸ் திறப்பது அவர்கள் மணிக்கு எட்டு, அது நம்ம மணிக்குப் பதினொன்றரை என்றேன். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் கார். இழவு வீட்டில், நைனாவை உள்ளே வைத்துக்கொண்டு, ஒன்பது வருஷமாகச் சொன்னதையே மறுபடி சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு அத்தை, தூரத்து உறவு, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"டிக்கெட்டு ஆபீஸ்ல நீயே குந்தினு இருக்கற. ஒங்கண்ணனுக்கு ஒரு நல்ல பிளேனா பாத்துப் போடக் கூடாது?"

நான் உள்ளே போய்ப் படி எழுதினேன். ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் நம்ம மணிக்கு ராத்திரி பத்தரை. துபாய் மறுநாள் காலை ஆறரை. அங்கிருந்து பத்தே முக்கால். மெட்ராஸில் இறங்குவது இரண்டே முக்கால். வரிசை, பெட்டி, வெளியே வர நாலேகால். தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டித் திண்டிவனம் ஆறரை. வீட்டு வாசல் ஏழு. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அடியில், 'வீடு நம்ம மணிக்கு ஏழு. பதறாம வா' என்று எழுதினேன்.

வெளியே வந்தபோது சித்தப்பா கடைசியாகக் கேட்டார். "பிளேன் கதையெல்லாம் வேணாம் பாப்பா. நாளைக்கு எத்தினி மணிக்கு வாசல்ல வந்து நிப்பான், அதச் சொல்லு."

எங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகு எடுக்க மாட்டார்கள். ஏழு என்றால் வெள்ளிக்கிழமை காலைதான். இரண்டாவது ராத்திரியும் வைத்திருக்க வேண்டும். நிலக்கடலை பிடுங்குகிற நேரம், எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். ஏற்கெனவே முணுமுணுப்பு. ஏழு என்று சொன்னால் அவனுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று எனக்கு பயம்.

"அஞ்சு மணிக்கு வந்துடுவான் சித்தப்பா" என்றேன்.

இரண்டு மணி நேரத்தை எங்கே திருடினேன் என்று எனக்குத் தெரியும். வரிசையில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம், செங்கல்பட்டில் கொஞ்சம். எந்தக் கணக்கைப் போட்டதற்காக மற்றவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டினேனோ, அதே கணக்கை நானே போட்டேன்.

அப்போது பாய் துக்கம் கேட்க வந்திருந்தார். பின்னால்தான் நின்றிருந்தார். நான் ஐந்து என்று சொன்னதைக் கேட்டார். என் கையிலிருந்த படியை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். ஏழு என்று இருந்ததையும் பார்த்தார். விரலால் தள்ளவில்லை. நாலாக மடித்து என் கையிலேயே வைத்தார். "தைரியமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. எல்லா நாளும் வாயைத் திறக்காதவர் அன்றைக்காவது திறந்திருக்கலாம். அப்புறம் யோசித்தால், அவர் அப்பாவா செத்தார்? சொல்ல வேண்டியவள் நான்தானே.

வியாழக்கிழமை இரண்டு ஐம்பதுக்கு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. இறங்கிவிட்டான். விமான நிலையத்து வைஃபையில் அனுப்பினது. அவன் சிம் இங்கே வேலை செய்யாது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க வழியில்லை. நாலு மணிக்கு நான், 'சீக்கிரம் வா, அஞ்சுக்கு எடுக்கறாங்க' என்று அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்து அப்படியே நின்றது.

ஐந்து அடித்தது. மேளம் அடிக்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். ஐந்தே காலுக்குச் சித்தப்பா என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எங்கே வருகிறான் என்று மட்டும் கேட்டார். திண்டிவனம் தாண்டிவிட்டான் என்றேன். அது இரண்டாவது பொய். அவன் செங்கல்பட்டையே நெருங்கியிருக்க மாட்டான். அந்தப் பொய்க்காக இன்னும் அரைமணி நேரம் வைத்திருந்தார்கள். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு எடுத்தார்கள். ஏரிக்கரையில் ஆறேகாலுக்குச் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம். பந்தலுக்குக் கீழே ஈரமாக இருந்தது. டாக்சி வந்து நின்றது. அண்ணன் பெட்டியோடு இறங்கினான். பாக்ஸ் இருந்த இடத்தைப் பார்த்தான். கழுவின வாசலைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து மணி பார்த்தான். ஆறு ஐம்பத்தெட்டு.

"இன்னும் ஏழு ஆவலியே, செல்வி" என்றான்.

குளித்துவிட்டுத் திரும்பி வந்த ஆண்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஏழு என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னேன். மறைக்க முடியவில்லை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை இறக்கினார்.

"ஏழுன்னு சொல்லி இருந்தா வெள்ளிக்கெழம காலைல எடுத்திருப்போமே. பாக்ஸ் ஓடிக்கினுதான இருந்துது? அஞ்சுன்னு சொன்ன, வரல. அதுக்கு மேல எத்த நம்பி நான் வச்சிருக்கறது பாப்பா? ஆறா, எட்டா?"

எனக்குத் தெரியாததை அவர் சொல்லவில்லை. நிறைய பேருக்கு நான் இதையே சொல்லியிருக்கிறேன். இன்ன நேரம் என்று சரியாகத் தெரிந்தால் ஜனங்கள் காத்திருப்பார்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள். தெரியாமல் கால்மணி நேரம்கூட அவர்களால் நிற்க முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணனுக்குத் திரும்புகிற டிக்கெட் போட்டேன். நான் போட்ட கடைசி டிக்கெட் அதுதான். மறுநாள் கடையில் ஒரு பெண் எதிரில் வந்து உட்கார்ந்து, எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாய் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டார், வற்புறுத்தவில்லை.

அண்ணன் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் அவன் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். உனக்கு ஏழு என்று எழுதினேன், சித்தப்பாவிடம் ஐந்து என்று சொன்னேன் என்று. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் மெதுவாக, எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னான். பெட்டி வருகிற பெல்ட் நின்றுபோய் ஐம்பது நிமிஷம் நின்றானாம். மேல்மருவத்தூர் பக்கத்தில் டிரைவர் டீ குடிக்கலாமா என்று கேட்டாராம். படியைப் பார்த்தானாம். ஏழுக்கு நேரம் இருந்ததாம். சரி என்றானாம். டிரைவர் போனை வாங்கி ஒரு போன் போடலாமா என்று யோசித்து, அதான் ஏழுக்குள்ளே போய்விடுவோமே என்று விட்டுவிட்டானாம்.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐம்பது நிமிஷம், டீ பதினைந்து நிமிஷம். ஆறாக ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஊருக்குள் வந்திருப்பான். ஏரிக்கரைக்குப் போகிற வழியிலேயே பிடித்திருப்பான்.

"அஞ்சுன்னு எங்கிட்டயும் சொல்லி இருந்தா பொட்டிய உட்டுட்டு ஓடியாந்திருப்பேன்டி" என்றான்.

பிறகு அடுக்கி வைத்த துணியை ஒதுக்கி, அடியில் கிடந்ததை எனக்குக் காட்டினான். அந்த ஐம்பது நிமிஷம் நின்று அவன் எடுத்து வந்தது எல்லாம் அங்கேயே இருந்தது. இரண்டு பேன்ட். ஒரு ஜோடி வெல்டிங் ஷூ. பிரிக்காத சோப்பு ஒன்று.